டாக்டர் நமுலியின் கேலி வைத்தியம்

கம்பாலாவிலிருந்து வரும் மிட்யானா சாலையில் எந்தக் கடையில் நின்று கிபேரு யார் என்று கேட்டாலும், "அந்த வாயாடியா?" என்றுதான் பதில் வரும். நான்தான் அது. பெண் வீட்டில் குவாஞ்சுலா, அதாவது பெண் கேட்டு வரும் சடங்கு, வைத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளை அங்கிக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, வரிசைக் கூடைகளோடு வந்து இறங்குவார்கள். அவர்களை வாசலிலேயே மடக்கி, யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள், வழி தவறி வந்துவிட்டீர்களா என்று கேட்டு, பதிலில் குற்றம் கண்டுபிடித்து, கேலி செய்து, அபராதம் வாங்கி, பொழுது சாயும் நேரத்தில்தான் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று சொல்ல வேண்டும். பெண்ணின் அப்பா பந்தலில் உட்கார்ந்திருப்பார், வாய் திறக்க மாட்டார். அவருக்காகப் பேசுவது நான். வெட்கம் கெட்டவன் என்று என்னைச் சொல்பவர்கள் உண்டு. என் தொழிலில் அது திட்டு இல்லை, விளம்பரம்.

இப்படிப்பட்ட நான், வெட்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்மணியிடம் வாரா வாரம் வேலைக்குப் போனேன் என்றால் யார் நம்புவார்கள்? என் மனைவியே நம்பவில்லை. "உன்னை வச்சா வெட்கத்த ஆராய்ச்சி பண்றாங்க? இல்லாத பொருளை எப்படி ஆராய்ச்சி பண்றது?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்மணி டாக்டர் நமுலி. எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஊசி போடாத, மாத்திரை எழுதாத ஒரே டாக்டர். பேச்சை வைத்தே வைத்தியம் செய்கிறவர். அதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர் கழுத்தை நீட்டித்தான் கேட்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்தவரின் மகள். அந்த இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில் வளர்ந்த பெண் எப்படி இவ்வளவு மெல்லப் பேசக் கற்றுக்கொண்டாள் என்று அவருடைய அப்பாவையே கேட்டிருக்கிறேன். "சத்தமாப் பேசி ஜெயிக்க முடியாதுன்னு சின்ன வயசுலயே தெரிஞ்சுகிட்டா" என்றார். மெல்லப் பேசுவார் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். பிடித்தால் பிடித்த பிடிதான். கம்பாலாவில் படித்து, வெளிநாட்டிலும் படித்து, பெரிய ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டும் போகாமல், கொசுவலை அடுக்கி வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து வாங்கி, எங்கள் ஊரில் உட்கார்ந்தார்.

அவரிடம் வருகிறவர்கள் யாரும் மனசு சரியில்லை என்று வருவதில்லை. வயிற்றுவலி என்று வருவார்கள். மற்ற டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்து, ஒன்றும் இல்லை என்று கண்டு, இவரிடம் அனுப்புவார்கள். பள்ளி ஆண்டு விழா வந்தால் வாந்தி எடுக்கும் ஓர் ஆசிரியர். சர்ச்சில் வேதம் வாசிக்கும் முறை வந்தால் காய்ச்சல் வரும் ஒரு பெண். நாலு பேர் நடுவில் கையெழுத்துப் போடச் சொன்னால் வேர்த்து ஒழுகும் ஒரு லாரி ஓட்டுநர். இவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நமுலிக்கு ஆராய்ச்சி எண்ணம் வந்தது.

முதல் ஆராய்ச்சி சிரிப்பாய்ச் சிரித்துப் போனது. வெளிநாட்டில் அவருக்குக் கொடுத்தனுப்பிய கேள்விகளை எங்கள் மொழியில் எழுதி, ஊர் ஊராகப் போய்க் கேட்டார். பெரியவர்கள் முன்னால் உங்கள் குரல் தாழ்ந்துவிடுகிறதா? அவர்கள் கண்ணைப் பார்க்க முடியாமல் தலை குனிந்துவிடுகிறீர்களா? மற்றவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பீர்களா? எங்கள் பெண்களிடம் போய் இதையா கேட்பது! மண்டியிட்டு வணக்கம் சொல்லி வளர்ந்தவர்கள். ஒரு அம்மா கோபித்துக்கொண்டாராம்.

"என்னம்மா இப்படிக் கேக்கற? என்னை எப்படி வளத்திருப்பாங்கன்னு நினைச்ச? எல்லாத்துக்கும் ஆமான்னு எழுது. நல்லாப் பெருசா எழுது."

எல்லோரும் பெருமையாக ஆமாம் போட்டார்கள். கணக்குப் பார்த்தால் வட்டாரம் முழுவதையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கின்படி நோய் இல்லாதவர்கள் இரண்டே பேர்தானாம். பேருந்து நிலையத்துக் குடிகாரர் ஒருவர், அப்புறம் நான்.

கம்பாலாவில் பேராசிரியர்கள் சிரித்தார்கள். வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். நமுலி திரும்பி வந்து, அத்தனை கேள்விகளையும் தள்ளி வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியோடு அதே வீடுகளுக்குப் போனார். "வெட்கப்பட்டுக்கிட்டு எங்க போகாம இருந்தீங்க?"

அதற்குப் பெரும்பாலானவர்கள் சிரித்தார்கள். எங்கேயும் போகாமல் இருந்ததில்லை என்றார்கள். சிலர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த லாரி ஓட்டுநர் தரையைப் பார்த்தபடி, "எங்க அம்மா சாவுக்கு" என்றாராம். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் போகாதவனை மன்னிப்பார்கள். சாவுக்குப் போகாதவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அங்கேதான் நமுலி நோயைப் பிடித்தார். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "மண்டி போட வைக்கற வெட்கத்த நான் தொடவே மாட்டேன் அண்ணே. அது நம்ம மரியாதை. வீட்டுக்குள்ள பூட்டி வைக்குது பாருங்க, அதோடதான் எனக்குச் சண்டை."

என்னிடம் அவர் வந்து சேர்ந்தது ஒரு குவாஞ்சுலாவில்தான். மாப்பிள்ளை வீட்டு விருந்தாளியாக வந்திருந்தார். அன்று எனக்கு நல்ல நாள். மாப்பிள்ளையின் சித்தப்பா போட்டிருந்த செருப்பில் தொடங்கி, அவர்கள் கொண்டுவந்த கோழியின் நடை வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாலு மணி நேரமா அவங்களப் போட்டு வறுத்து எடுத்தீங்க. யாருமே ஏன் அழல?"

"அழறதுக்கா வந்தாங்க? கேலி பண்ணுவோம்னு தெரிஞ்சுதானே வந்தாங்க. நான் கேப்பேன், அவங்க பதில் சொல்வாங்க. சொல்லத் தெரியலன்னா அபராதம். அப்புறம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். கடைசில சாப்பாடு இருக்கற கேலிக்கு எவன் பயப்படுவான்?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லதான். அதனாலதான் கூப்பிடறேன்."

இப்படித்தான் வியாழக்கிழமைகள் தொடங்கின. தடுப்பூசி நாளில் தாய்மார்கள் காத்திருக்கும் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே போட்டோம். நோயாளிகள் மாப்பிள்ளை வீட்டார். நான் பெண் வீட்டார். பெண் கிடையாது, மாப்பிள்ளை கிடையாது, மற்ற எல்லாம் உண்டு. முடிவில் வறுத்த நிலக்கடலையும் தேநீரும் உண்டு, ஏனென்றால் சாப்பாடு இல்லாமல் நான் யாரையும் கேலி செய்ய மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியின் மேலாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்து, இது வைத்தியமா கூத்தா என்று கேட்டார். "ரெண்டும்தான்" என்றார் நமுலி.

முதலில் பெயர் மட்டும் கேட்பேன். சில வாரம் கழித்து, எதற்கு வந்தீர்கள் என்பேன். அப்புறம் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறையும் நமுலி முன்கூட்டியே அவர்களைக் கேட்பார், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்று. மயங்கி விழுவேன், எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், செத்துப்போவேன் என்பார்கள். முடிந்ததும், என்ன நடந்தது என்று கேட்பார். யாரும் சாகவில்லை. லாரி ஓட்டுநர் ஒரு வியாழக்கிழமை என்னைப் பார்த்து, "உங்க கேலியைவிட எங்க ஊர் ரோடு மேடு பள்ளம் அதிகம், அதுலயே ஓட்டினவன் நான்" என்று சொன்னபோது, தொழிலில் எனக்குப் போட்டி வந்துவிட்டது என்று நிஜமாகவே பயந்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் நன்டேசா. அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, பேரைப் போட்டே எழுதுங்க. பேர் இல்லாம எழுதினா ஏதோ தப்புப் பண்ணினவ மாதிரி இருக்கும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நன்டேசா கோமேசி தைக்கிறவர். தோள் கூர்மையாக நிற்கும், இடுப்பில் பட்டை கட்டும் எங்கள் பெண்களின் விசேஷ உடை. இந்த வட்டாரத்தில் பாதி குவாஞ்சுலாக்களில் பெண்கள் உடுத்துவது அவர் தைத்ததுதான். ஆனால் அந்த விழாக்கள் ஒன்றுக்குக்கூட அவர் போனதில்லை. தனியாக இருந்தால் ஊசியில் நூல் கோக்கும் கை, நாலு பேர் பார்த்தால் உதறத் தொடங்கும். தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாது. கை உதறுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம், அந்தப் பயத்தில் இன்னும் உதறும். நமுலியிடம் வரும்வரை எட்டொன்பது வருடமாகத் தையல் அறையைத் தாண்டி வெளியே வரவில்லை.

அவர் அப்பா இறந்தபோது அண்ணன் லுபேகாதான் வாரிசு. காரியத்தன்று மரப்பட்டைத் துணி போர்த்திக்கொண்டு வாரிசு நிற்கும்போது பக்கத்தில் தங்கை நிற்க வேண்டும். நன்டேசா வரவில்லை. ஊரே காத்திருந்தது. கடைசியில் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தியை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். தங்கைக்குச் சொத்தில் பொறாமை என்றது ஊர். அண்ணனைச் சபித்துவிட்டாள் என்றது. லுபேகா அதற்குப் பிறகு தங்கை வீட்டுப் படி ஏறவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அத்தனை பேர் முன்னால் பக்கத்து இடம் காலியாகக் கிடக்க நின்ற மனுஷர்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நன்டேசா பெயர் சொல்லவே மூன்று வாரம் எடுத்தார். கையைக் கோமேசியின் இடுப்புப் பட்டைக்குள் சொருகி வைத்துக்கொள்வார். ஒருநாள் நமுலி அவரிடம், "இன்னைக்குக் கையை வெளிய எடுத்து வேணும்னே ஆட்டுங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு. எங்களுக்குப் பயம் வரணும்" என்றார். நன்டேசா கையை நீட்டி ஆட்டினார். நமுலி, "போதாது" என்றார். இன்னும் ஆட்டினார். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் உள்ள இருந்தீங்க?" ஆட்டி ஆட்டிக் கை வலித்து, நன்டேசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகுதான் எனக்கும் நமுலிக்கும் சண்டை. "அடுத்த வாரம் அவங்க கையைக் கேலி பண்ணுங்க" என்றார்.

"முடியாது. செருப்பு, சட்டை, கோழி எதை வேணும்னாலும் பேசுவேன். உடம்புக் குறையப் பேசமாட்டேன். வாயாடிக்கும் ஒரு நியாயம் இருக்கு டாக்டரம்மா."

"அவங்க தினமும் தனக்குள்ள சொல்லிக்கற கேலியைவிட நீங்க சொல்றது பெருசா இருக்கும்னு நினைக்கறீங்களா? ஒரு தடவை வெளிய கேக்கட்டும். இவ்வளவுதானான்னு தெரியட்டும்." அப்புறம் நன்டேசாவையே கூப்பிட்டுக் கேட்டார். நன்டேசா ரொம்ப யோசித்து, சரி என்றார்.

சொன்னேன். "இந்த அம்மா கை ஏன் இப்படி ஆடுது? நம்ம வீட்டுல டீ ஊத்தினா பாதி மேசைக்கே போயிடும் போலிருக்கே!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நன்டேசா எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, கொட்டகையை விட்டுப் போய்விட்டார். அடுத்த வியாழக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் நமுலியிடம் கத்தினேன். படித்தவர்கள் மனுஷரை வைத்துச் சோதனை செய்கிறீர்கள், என் வாயைக் கத்தியாக்கிவிட்டீர்கள் என்றெல்லாம் சொன்னேன்.  அவர் முகம் வாடிவிட்டது. தினமும் சாயங்காலம் தையல் அறைக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று பின்னால்தான் தெரிந்தது. உள்ளே வாங்க என்று நன்டேசா ஒருநாளும் சொல்லவில்லையாம். இவர் போவதையும் நிறுத்தவில்லையாம்.

மூன்றாவது வியாழக்கிழமை நன்டேசா வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"அன்னைக்கு நீங்க கேட்டதுக்குப் பதில் யோசிச்சிட்டு வந்திருக்கேன்."

"சொல்லுங்க."

"உங்களுக்கு டீ ஊத்தினா பாதிதான் மேசைக்குப் போகும். உங்க வாய்க்கு மீதிப் பாதியே அதிகம்."

கொட்டகை அதிர்ந்தது. லாரி ஓட்டுநர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அபராதம் போட்டார்கள், நிலக்கடலை முழுவதும் என் செலவு. நமுலி சிரித்துவிட்டு, "பதில் நல்லா இருக்கு. அடுத்த தடவை மூணு வாரம் எடுக்காதீங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் லுபேகா என்னைத் தேடி வந்தார். மகளுக்குக் குவாஞ்சுலா. பேச நான் வர வேண்டும். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "அத்தைக்கும் ஆள் பாத்தாச்சு. கம்பாலாவுலேர்ந்து வர்றாங்க, நல்லாப் பேசுவாங்களாம்" என்றார்.

எங்கள் ஊரில் அத்தை இல்லாமல் கல்யாணப் பேச்சே கிடையாது. இவர்கள் என் விருந்தாளிகள் என்று அத்தைதான் சபையில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, அவர்களுக்கு நடுவில் நடந்து போய், மாப்பிள்ளை யார் என்று கண்டுபிடித்து, கோட்டில் பூ குத்தி, கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லாத வீடுகளில் வாடகைக்கு அத்தை வைப்பது இப்போது சகஜம்தான். ஆனால் இவருக்கு இருக்கிறாளே!

"உங்களுக்குத் தங்கச்சி இருக்கே அண்ணே" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"இருக்கா. ஆனா இல்ல" என்றார் லுபேகா.

தங்கை ஏன் வரவில்லை என்ற ரகசியம் என்னிடம் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாயில் வந்ததை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நமுலியிடம் மட்டும் சொன்னேன். நமுலி நன்டேசாவிடம் சொன்னார். அந்த வாரமே நன்டேசா மோட்டார் சைக்கிள் பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போய், வாசலில் மண்டியிட்டு, "என் அண்ணன் மகளுக்கு நான்தான் அத்தை. நான்தான் நிப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். லுபேகா நம்பவில்லை. மறுக்கவும் இல்லை. "அன்னைக்கு வந்தாப் பாக்கலாம்" என்றார். வாடகை அத்தைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

விழா நாளில் மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேச வந்தவன் சென்ஃபூகா. மசாக்காவில் அவனுக்கு ஈடு இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். எங்கள் பந்தல் ஓரத்தில் வாடகை அத்தை பளபளக்கும் கோமேசியில் தயாராக உட்கார்ந்திருந்தார். நன்டேசா வீட்டுக்குள் இருந்தார். நமுலி விருந்தாளியாக வரவில்லை, டாக்டர் எதற்கு வந்தார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று. சமையல் கூட்டத்தோடு சேர்ந்து, பின்கட்டில் வாழையிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி அங்கேயும் கேட்கும்.

நேரம் வந்தது. "இந்த ஆளுங்கள யார் கூப்பிட்டது? எங்க வீட்டு அத்தை வந்து சொல்லட்டும்" என்று மைக்கில் அறிவித்தேன். யாரும் வரவில்லை. வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் தொப்பிகளைப் பற்றி ஒரு கேலி செய்தேன். கதவு திறக்கவில்லை. அவர்கள் வந்த வண்டியைப் பற்றிப் பேசினேன். அவர்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். என் கேலிப் பை காலியாகிக்கொண்டே வந்தது. லுபேகா நிமிரவே இல்லை. அப்பாவின் காரியத்தன்று இருந்த அதே முகம். பிறகு ஓரத்தைப் பார்த்து விரலை அசைத்தார். வாடகை அத்தை உடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

அப்போதுதான் கதவு திறந்தது. நன்டேசா தான் தைத்த கோமேசியில், கையில் பூவோடு வெளியே வந்தார். பாயில் மண்டியிட்டு மைக்கை வாங்கினார். தலை குனிந்துதான் இருந்தது, எங்கள் பெண்கள் பேசும் விதத்தில். "இவங்க என் விருந்தாளிங்க. நான்தான் வரச் சொன்னேன்" என்றார். பந்தலில் ஒரு சலசலப்பு. லுபேகாவின் தங்கையா, அவளா என்று உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

எழுந்து, மாப்பிள்ளை வீட்டு வரிசைகளுக்கு நடுவில் நடந்தார்.  மூன்றாவது வரிசையில் பையனைக் கண்டுபிடித்தார். பூவைக் கோட்டில் வைத்து ஊசியை எடுத்தார். கை உதற ஆரம்பித்தது. ஊசி குத்தவில்லை. மறுபடி வைத்தார். பூ கீழே விழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்ஃபூகாவுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அவன் தொழிலை அவன் செய்தான்.

"ஐயா பெண் வீட்டுக்காரரே! உங்க அத்தை கை இப்படி நடுங்குதே, காலையிலேயே வரகிச் சாராயம் குடிச்சிட்டாங்களா? இல்ல, எங்க பையன் மாதிரி அழகன இதுவரைக்கும் பாத்ததே இல்லையா?"

நூற்றுக்கணக்கான பேர் சிரித்தார்கள். நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். அவனைத் திருப்பி அடிக்க என்னிடம் நல்லதாக ஒன்று இருந்தது. நன்டேசா திரும்பி என்னைப் பார்த்து, தலையை மட்டும் அசைத்தார். வேண்டாம் என்று. பிறகு பூவைக் குனிந்து எடுத்துக்கொண்டு, அங்கேயே, அவர்கள் வரிசைக்கு நடுவில் மண்டியிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"ஆமா ஐயா, நடுங்குது. இத்தனை வருஷமா வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்த கை இது. எங்க அப்பா காரியத்துக்குக்கூட நான் வெளிய கொண்டு வரல. இன்னைக்கு உங்க பையனுக்காகக் கொண்டு வந்திருக்கேன். நடுங்காம இருக்குமா?" பூவைத் தூக்கிக் காட்டினார். "இப்பேர்ப்பட்ட கையப் பாத்துக் கேலி பண்ணினதுக்கு உங்களுக்குத்தான் அபராதம். உங்க பையனையே குனியச் சொல்லுங்க. கை நடுங்கினா என்ன, ஆள் அசையாம இருந்தாப் பூ ஏறிடும்."

 எங்கள் பக்கத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் தானாகவே எழுந்து வந்து, அவர் முன்னால் முழங்கால் போட்டு, ஆடாமல் அசையாமல் மார்பைக் காட்டினான். நடுங்கும் கையாலேயே நன்டேசா பூவைக் குத்தினார். கொஞ்சம் கோணல்தான். சென்ஃபூகா இரண்டு கையையும் தூக்கித் தோல்வியை ஒத்துக்கொண்டு, தன் கோட்டையே கழற்றி அபராதமாக வைத்தான். என் தொழிலில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். அப்படி ஒரு மடக்கல் எனக்கு வாய்த்ததில்லை. பெருமையில் எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. கிபேருவுக்கு வார்த்தை வரவில்லை என்று இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதைச் செய்தது யார் தெரியுமா, எங்கள் டாக்டர் என்று மைக்கில் கத்த வேண்டும் போல இருந்தது. முடியாதே. இடைவேளையில் பின்கட்டுக்கு ஓடினேன். நமுலி கையில் கட்டி முடிக்காத வாழையிலைப் பொட்டலத்தோடு ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"கை நடுங்குச்சா?" என்று கேட்டார்.

"நல்லா நடுங்குச்சு டாக்டரம்மா."

"நடுங்கினதோடயேவா செஞ்சாங்க?" அவர் குரல் உடைந்தது. "அதத்தான் கம்பாலாவுல சொல்லிட்டிருக்கேன். கேக்க மாட்டேங்கறாங்க." பிறகு பொட்டலத்தைக் கட்டி முடித்து, அடுத்த இலையை எடுத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் வாடகை அத்தையும் எல்லோரோடும் உட்கார்ந்து, பேசின பணத்துக்கு நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சென்ஃபூகா கோட்டில்லாமல் லுபேகாவின் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. தொழில் விஷயமாக் கேக்கறேன். அந்த அத்தைய எங்க வாடகைக்குப் புடிச்சீங்க? எங்க பக்கம் அடுத்த மாசம் ஒரு விசேஷம் இருக்கு."

லுபேகா தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாடகையா? யாருய்யா வாடகை? என் தங்கச்சிய்யா அவ! என் கூடப் பொறந்தவ! எங்க அப்பாவோட மக!"

 பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், முதலில் லுபேகாவை, பிறகு அந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்த நன்டேசாவை. நன்டேசா அண்ணனைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"கத்தாதீங்க அண்ணே. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்மா" என்றார் லுபேகா.